செருப்பை விட்டுப் போகச் சொன்ன கரை

போன வருடம் தை மாதக் கடைசியில், தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டே நாள் இருக்கும்போது, அந்தமானில் ஒரு சின்னத் தீவின் மேற்குக் கரையில் நடந்தது இது. நானும் அம்மாவும் மட்டும் போயிருந்தோம். அப்பாவுக்குச் சிம்மக்கல்லில் மொத்த மளிகைக் கடை. "நீங்க போயிட்டு வாங்க, கடல் எங்கயும் ஓடிப் போயிடாது" என்று சொல்லி விட்டார். கடல் ஓடிப் போகும், திரும்பியும் வரும் என்பது புத்தகத்தில் படித்த அளவுக்குத்தான் எனக்கும் தெரியும்.

அம்மாவுக்கு ரொம்ப நாளாக ஒரே ஒரு ஆசை. சூரியன் கடலுக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். காளவாசலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அது நாகமலைக்குப் பின்னால் போய் மறையும். இதற்காகவே இரண்டு முறை கன்னியாகுமரிக்குப் போனோம். முதல் முறை மேகம். இரண்டாவது முறை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, ஆனால் அந்த மாதத்தில் அங்கே சூரியன் கடலில் இறங்காது, நிலத்துப் பக்கம் போய்விடும் என்பது போன பிறகுதான் தெரிந்தது. "எனக்குன்னா சூரியன்கூட மறைஞ்சுக்கிறான்" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு என்னை மிகவும் உறுத்தியது. மாதம் பார்க்காமல் டிக்கெட் போட்டது நான்.

நான் சிவில் படித்துவிட்டு மதுரையில் ஒரு நில அளவை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தரையின் மட்டம் எடுப்பதுதான் என் வேலை. ரோடு போடும் முன்பும் கால்வாய் வெட்டும் முன்பும் அந்த இடத்தில் எது மேடு, எது பள்ளம் என்று கருவி வைத்துப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லா உயரமும் கடல் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துத்தான் கணக்கு. ரயில் நிலையப் பெயர்ப் பலகையின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்களே, அதே கடல் மட்டம். தினமும் அதை எழுதுகிறேன், ஆனால் ஒரு நாளாவது கடலின் ஓரத்தில் நிதானமாக நின்று அந்தப் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று பார்த்ததில்லை. அம்மாவின் ஆசையோடு என்னுடைய இந்த ஆர்வமும் சேர்ந்துகொண்டது.

பட்டியல் போடாமல் நான் ஊறுகாய் வாங்கக்கூடப் போக மாட்டேன். இந்தப் பயணத்துக்கு முப்பத்து நான்கு வரி. சூரியன் எந்தத் திசையில் இறங்கும், எத்தனை மணிக்கு இறங்கும், மேகம் வந்தால் மாற்று நாள் எது, அம்மாவின் மாத்திரை, குடை, டார்ச், எல்லாம் இருந்தது. அங்கே அஸ்தமனம் நம் ஊரைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்தி, ஐந்தரை மணிக்கே என்பதும் அதில் இருந்தது. பதினெட்டாவது வரி, செருப்புப் பை.

செருப்புப் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோயில் வாசலில் புதுச் செருப்பை இரண்டு முறை பறிகொடுத்தவர் என் அம்மா. அதன் பிறகு அவர் எந்த வாசலிலும் செருப்பை விடுவதில்லை. கழற்றுவார், தட்டுவார், பையில் போடுவார், தோளில் மாட்டிக்கொள்வார். மதுரையில் இப்படிப் பல பேரைப் பார்க்கலாம் என்பதால் எனக்கு இது ஒரு பழக்கமாகவே தோன்றியதில்லை.

அன்று மதியம் மூன்றரை மணிக்கு அந்தக் கரைக்குப் போனோம். சுற்றுலாக் கூட்டமெல்லாம் தீவின் அந்தப் பக்கம் இருந்தது. இங்கே சத்தமே இல்லை. தாழை மரங்கள், வெள்ளை மணல், ஒரே ஒரு இளநீர்க் கடை. கரையிலிருந்து முந்நூறு நானூறு அடி தள்ளிக் கடலுக்குள் ஒரு பாறை மேடு இருந்தது. அதுவரைக்கும் ஈர மணல் பாதை போட்டது போல நீண்டிருந்தது. அங்கே ஏறினால் மரமோ மலையோ மறைக்காமல் சூரியனைப் பார்க்கலாம் என்று தங்கியிருந்த விடுதியில் சொல்லியிருந்தார்கள்.

இளநீர்க் கடை வைத்திருந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். நைட்டிக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முழுக்கை. நாங்கள் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மதுரையா? எங்க அப்பா திருமங்கலத்துக்காரரு. நான் பொறந்தது இங்கதான். மதுரையக் கண்ணால பாத்ததில்ல."

பிறகு கேள்வி மேல் கேள்வி. கோயில் எம்புட்டுப் பெருசு? இட்லிக்கு எத்தனை சட்னி வைப்பாங்க? அழகர் ஆத்துல எறங்குறப்ப தண்ணி எம்புட்டு இருக்கும்? அம்மா பெருமையாகச் சொன்னார். "அதுக்குன்னு டேம்ல தண்ணி தொறந்து விடுவாங்க தங்கச்சி. முன்னாடியே சொல்லிருவாங்க, கரையோரம் யாரும் எறங்காதீங்கன்னு."

அந்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆத்துக்கே தண்ணி தொறந்து விடணுமா? நல்ல ஊருதேன். இங்க யாரும் தொறக்குறதும் இல்ல, சொல்றதும் இல்ல யக்கா. அதுவா வரும்."

நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு அந்த வாக்கியத்தையும் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கடையின் முன்னால் மணலில் ஒரு பழைய பலகை கிடந்தது. அதன் ஓரத்தில் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள் வரிசையாக இருந்தன. "பாறைக்குப் போறதுன்னா செருப்ப இங்க விட்டுட்டுப் போங்க" என்றார் அக்கா. அம்மா என் காதோரம் குனிந்தார். "வேண்டாம்டி. வரும்போது டோக்கன் காசு கேப்பா. கோயில்ல இந்தக் கதைதான்." அக்கா ஒரு இளநீர் சீவத் திரும்பிய நேரத்தில் இரண்டு ஜோடியும் பைக்குள் போய்விட்டன. அம்மாவுக்கு அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். ஈடு செய்வது போல, "தங்கச்சி, நல்ல வழுக்கையா ரெண்டு எடுத்து வை. சூரியனப் பாத்துட்டு வந்து குடிக்கிறோம்" என்றார். அக்கா இரண்டு காய்களைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, தலையில் ஒரு வெட்டு அடையாளம் போட்டுத் தனியாக வைத்தார்.

அடுத்த ஒரு மணி நேரத்தை என்னால் வார்த்தையில் முழுதாகச் சொல்ல முடியாது. கரையை விட்டு இறங்கியதும் கொஞ்ச தூரம் சரிவு, அதில் பாதம் நனையும் அளவுக்குத் தண்ணீர், பிறகு மெல்ல ஏறி பாறை வரைக்கும் மணல். சரிவு, பள்ளம், ஏற்றம். வேலை நாளாக இருந்தால் இந்த மூன்றையும் குறிப்பேட்டில் எழுதியிருப்பேன். அன்று பார்வையெல்லாம் கீழே இருந்தது. சுண்டு விரல் நகம் அளவு நண்டுகள் மணலை உருட்டி உருட்டிக் கடுகு போலப் பரப்பி வைத்திருந்தன. ஒரு குட்டையில் வெள்ளரிக்காயைப் போல ஏதோ கிடந்தது. அம்மா குச்சியால் தொட்டதும் அது சுருங்கியது. "உசுரு இருக்குடி!" என்று பின்னால் துள்ளினார். ஐம்பத்து மூன்று வயதில் அம்மா துள்ளி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அலை தொடும் இடத்தில் நான் குனிந்து நின்று பூஜ்யத்தைத் தேடினேன். அது ஓரிடத்தில் நிற்கவே இல்லை. 'சராசரிக் கடல் மட்டம்' என்ற சொல்லைத் தேர்வில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன், அதற்கு அர்த்தம் இதுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

பாறையின் மறுபக்கத்தில், கடலைப் பார்த்த மாதிரி, நாற்காலி போல ஒரு இடம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்தோம். அங்கிருந்து கரை தெரியாது. கரையிலிருந்து நாங்களும் தெரிய மாட்டோம்.

நாலே முக்கால் இருக்கும், விசில் சத்தம் கேட்டது. பாறையில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அஸ்தமனம் பார்க்க வந்துவிட்டு அஸ்தமனத்துக்கு முன்னால் போகிறார்களே என்று எனக்கு அவர்கள்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. கடைசி ஜோடியில் ஒருவர் எங்களைப் பார்த்து இந்தியில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, சிரித்துத் தலையாட்டினேன். இன்னும் இரண்டு விசில். பிறகு நின்றுவிட்டது. சரி, ஏதோ முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சூரியன் கடலுக்கு மேலே இரண்டு கை உயரத்தில் இருந்தது. ஒரு துளி மேகம் இல்லை. அம்மா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ் வருவதைப் பார்ப்பவர் போலக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பின்னாலிருந்து ஒரு படம் எடுக்கலாம் என்று நான் பாறையின் உச்சிக்கு ஏறினேன். அப்போதுதான் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

நாங்கள் நடந்து வந்த மணல் இல்லை. பாறைக்கும் கரைக்கும் நடுவே கடல் இருந்தது.

எங்களுக்கு முன்னால் இருந்த தண்ணீரையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பெரிதாக ஏறியது போலத் தெரியவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் பாறை செங்குத்து. தண்ணீர் முதலில் நிரம்பியது எங்களுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில். மழை பெய்தால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் நிற்கும் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

"அம்மா, எந்திரிங்க. போகணும்."

"இன்னும் பத்து நிமிசம்டி. எறங்கப் போறான்."

"தண்ணி வந்துருச்சும்மா."

அம்மா திரும்பிப் பார்த்தார். "என்னடி இது, டேம் தொறந்துட்டாங்களா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அதுதான் அவர் வாயில் முதலில் வந்தது.

கீழே இறங்கி நடந்தோம். முதலில் முழங்கால். பத்தடிக்குள் தொடை. பள்ளத்தை நெருங்கும்போது தண்ணீர் பக்கவாட்டில் இழுத்தது. அம்மாவின் சேலை காலைச் சுற்றிக்கொண்டது, அவர் தடுமாறி என் தோளைப் பிடித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. மதுரையில் வளர்ந்தவளுக்கு எங்கே தெரியும்! இனி ஓர் அடி வைத்தால் திரும்ப முடியாது என்று தோன்றியது. அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி பாறைக்கே வந்தேன்.

தண்ணீர் இறங்கும் வரை இங்கேயே உட்காரலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு பாறையைப் பார்த்தேன். தண்ணீர் ஏறி நிற்கும் மட்டத்தைக் காட்டி அதன் மேல் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே எல்லாம் சிப்பி ஒட்டிய ஈரப் பாறை, மேலே காய்ந்த வெளுத்த பாறை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் கோட்டுக்குக் கீழே இருந்தது. நான் ஏறி நின்ற உச்சியும் கோட்டுக்கு மேலே ஒரு சாண்தான். இரண்டு பேர் நிற்க இடமில்லை. மட்டம் எப்படி வாசிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்ததிலிருந்து அரை மணி நேரமாக அந்தக் கோட்டின்மேல் சாய்ந்துகொண்டுதான் இருந்தேன்.

போனில் சிக்னல் இல்லை. உச்சியில் ஏறி நின்று துப்பட்டாவை அசைத்துக் கத்தினேன். காற்று எதிர்க்காற்று. அம்மாவிடம் நான் பயத்தைக் காட்டவில்லை, அவரும் என்னிடம் காட்டவில்லை. "உன் லிஸ்ட்ல இது இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லம்மா."

"சரி விடு" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சில நிமிடங்கள்தான் இருக்கும். கரையில் அந்த முழுக்கைச் சட்டை தெரிந்தது. அக்கா தேங்காய் பறிக்கும் நீளமான தொரட்டிக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தார். நேராக வரவில்லை. வலது பக்கம் வெகு தூரம் வளைந்து, அரை வட்டம் அடித்து வந்தார். அவர் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறவே இல்லை. அங்கே தண்ணீருக்கு அடியில் ஒரு மணல் வரப்பு இருந்திருக்கிறது.

வந்ததும் ஒரு திட்டும் இல்லை. "யக்கா, சேலையத் தூக்கிச் சொருகு. வெக்கப்பட நேரமில்ல. பாப்பா, நீ கடைசியில வா. கம்ப விட்டுறாதீக. நான் கால் வச்ச எடத்துல கால் வைங்க, அம்புட்டுத்தான்."

முன்னால் அவர், நடுவில் அம்மா, பின்னால் நான். மூன்று பேரும் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அதற்குள் இன்னும் ஏறிவிட்ட தண்ணீர் குள்ளமான அம்மாவின் மார்பு வரை வந்தபோது நான் அவருடைய முதுகைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஒவ்வோர் அடியையும் எண்ணினேன். வரப்பு வளையும் இடத்தில் கொஞ்ச தூரம் நாங்கள் மேற்குப் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. அங்கே அம்மா நின்றுவிட்டார். கால் வழுக்கிவிட்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னக்கா?" என்றார் முன்னால் போனவர்.

"எறங்குறான்" என்றார் அம்மா.

முன்னால் நின்ற முதுகும் அசையவில்லை. தினமும் பார்ப்பவர், தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பதும் தெரிந்தவர், ஆனாலும் காத்திருந்தார். பிறகு, "போயிட்டானா? சரி, நடங்க" என்றார்.

என் அம்மா தன் ஆசைப்படி சூரியன் கடலுக்குள் போவதைப் பார்த்துவிட்டார், மார்பளவு தண்ணீரில், தொரட்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டு. நான் பார்க்கவில்லை. அம்மாவின் கழுத்தில் ஒட்டியிருந்த ஈர முடியின் மேல் ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் விழுந்து மங்கியதை மட்டும் பார்த்தேன்.

கரையேறியதும் அக்கா எங்களைப் பலகையில் உட்கார வைத்தார். செருப்பு வரிசை இருந்த இடம் காலியாக இருந்தது. அதைக் காட்டி, "எனக்குக் கணக்கே இதுதேன். தண்ணி திரும்புனதும் விசில் அடிப்பேன். செருப்பு இருந்தா ஆளு பாறையில இருக்குன்னு அர்த்தம். கடைசிச் செருப்பு போற வரைக்கும் அடிப்பேன். இன்னைக்கு எல்லாம் போயிருச்சு. கடையக் கட்டுனேன். பாத்தா இந்த ரெண்டு மட்டும் கெடக்கு" என்று தலையில் வெட்டு போட்ட இரண்டு இளநீரைத் தட்டினார். "வேற யாருன்னா பேசாமப் போயிருப்பாகன்னு விட்டுருப்பேன். மதுரக்காரக இளநி சொல்லிட்டுக் குடிக்காமப் போவாகளான்னு தோணுச்சு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு தோளில் இருந்த பையைத் திறந்தார். அவ்வளவு தண்ணீரிலும் அதை விடவில்லை. சொட்டச் சொட்ட இரண்டு ஜோடிச் செருப்பையும் எடுத்துப் பலகையோரம் வரிசையாக வைத்தார். "டோக்கன் காசு கேப்பியோன்னு நெனச்சுட்டேன் தங்கச்சி" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

அக்கா அந்தச் செருப்புகளைப் பார்த்தார். பிறகு மதியம் சிரித்ததைவிடப் பலமாகச் சிரித்தார். "டோக்கன் கேக்க நான் என்ன கோயிலா வச்சு நடத்துறேன்! குடிங்க, குளிருல நடுங்குறீங்க."

இளநீர் நல்ல வழுக்கையாக இருந்தது. அம்மா குடித்துக்கொண்டே அழுதார். அவர் தண்ணீருக்குள் அழவில்லை.

இப்போது வேலைக்குப் போகும் இடத்தில் கருவியை நிறுத்தும் முன், அங்கே குடியிருப்பவர் யாரையாவது கூப்பிட்டு மழை பெய்தால் முதலில் எங்கே தண்ணீர் நிற்கும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள், கேட்டுக்கொள்கிறேன். அழகர்கோவில் போனால் அம்மா இன்னமும் செருப்பைப் பையில்தான் போடுகிறார். அதை மாற்ற முடியாது. ஆனால் பழமுதிர்சோலைக்கு மேலே ஏறும் முன்னால் அடிவாரத்துப் பூக்காரம்மாவிடம், "ஒரு முழம் எடுத்து வைம்மா, எறங்கி வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

என் பட்டியலில் 'சூரியன் கடலில் இறங்குவதைப் பார்ப்பது' என்ற வரி அடிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது, நான் அதை அடிக்கவும் போவதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் நாம் விட்டுப் போகும் ஏதோ ஒரு சின்ன அடையாளத்தை வைத்து நம்மை எண்ணிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை, அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.